வாசகர் கேள்வி பதில்: அகத்தியர் ஏரிக்கரையில் வாதாபி

சென்ற இதழில் பாதாமியைப் பற்றி இரண்டே பத்தி எழுதிவிட்டு, மேலும் கேட்க விரும்புவோர் எழுதலாம் என்று குறிப்பிட்டிருந்தோம். வந்து சேர்ந்த கடிதங்கள் ஏறத்தாழ எல்லாமே அவ்வூரைச் சுற்றியே அமைந்துவிட்டதால், இம்முறை இப்பகுதி முழுவதையும் பாதாமிக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: பாதாமி என்பதுதான் நம் பாட்டிமார் சொன்ன கதையில் வரும் வாதாபியா? ஏரிக்கு அகத்தியர் பெயர் எப்படி வந்தது? அது இயற்கை ஏரியா, வெட்டிய ஏரியா? (திருச்சி வாசகர்)

பதில்: ஆம், அதே வாதாபிதான். வடகர்நாடகத்தில் பாகல்கோட்டை மாவட்டத்தில் இருக்கும் இச்சிறிய ஊர், 6ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து 8ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை, இடையில் சில ஆண்டுகள் நீங்கலாக, முற்காலச் சாளுக்கியரின் தலைநகரமாக விளங்கியது. ஊரின் வடக்குக் குன்றில் முதலாம் புலிகேசி பொறித்த பாறைக் கல்வெட்டு சக ஆண்டு 465ஐ, அதாவது கி.பி. 543ஐக் குறிப்பிடுகிறது, மேலிருந்தும் கீழிருந்தும் எவராலும் வெல்ல முடியாத கோட்டையாக இம்மலையை ஆக்கினேன் என்று அவன் அதில் பெருமைப்பட்டுக்கொள்கிறான். ஒரு நூற்றாண்டு முடிவதற்குள் அந்தக் கோட்டையை வென்றவர்கள் காஞ்சியிலிருந்து வந்தார்கள் என்பது வேறு கதை. அதைப் பின்னால் ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

இல்வலன், வாதாபி என்ற அசுர உடன்பிறப்புகளுள் ஒருவன் ஆட்டுக்கறியாக மாறி விருந்தாளியின் வயிற்றுக்குள் போவதும், மற்றவன் கூப்பிட்டதும் வயிற்றைக் கிழித்துக்கொண்டு வெளியே வருவதும், அகத்தியரிடம் மட்டும் அந்த வித்தை பலிக்காமல் போனதும் நாம் அறிந்ததே. பால் குடித்த குழந்தையின் வயிற்றைத் தடவி ‘வாதாபி ஜீர்ணோ பவ’ என்று சொல்லும் பழக்கம் நம் வீடுகள் சிலவற்றில் இன்றும் உண்டு. ஏரிக்கு இருபுறமும் நிற்கும் செம்பாறைக் குன்றுகள்தாம் அந்த இரண்டு அசுரர்கள் என்று உள்ளூர்க்காரர்கள் காட்டுவார்கள். இரண்டும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு, நடுவில் தண்ணீரை வைத்துக்கொண்டு நிற்கும் தோற்றத்தைப் பார்த்தால் கதை ஏன் இங்கே வந்து ஒட்டிக்கொண்டது என்பது புரியும்.

ஏரியைப் பொறுத்தவரை, பாதி இயற்கை, பாதி மனிதர் வேலை என்று சொல்வதே சரி. மூன்று பக்கமும் மலை வளைந்திருக்கும் பள்ளத்தாக்கின் திறந்த மேற்குப் பக்கத்தில் கரை கட்டி, மழைநீர் முழுவதையும் தேக்கியிருக்கிறார்கள். அகத்திய தீர்த்தம் என்பது அதன் பெயர். கரைக்கு வெளியே ஊர், கரைக்கு உள்ளே தண்ணீர், தண்ணீருக்கு அப்பால் கோயில்கள் என்னும் அமைப்பு இன்றும் மாறவில்லை. கோடையில் கோட்டைக்குள் அடைபட்ட ஒரு தலைநகரம் தாகத்தால் சரணடையாமல் இருக்க வேண்டுமானால் இப்படி ஓர் ஏரி தேவைப்பட்டிருக்கும். அழகு அதற்கு மேல் கிடைத்த ஆதாயம்.

கேள்வி: எத்தனை நாள் ஒதுக்க வேண்டும்? என் தாயாருக்கு 70 வயது. அவரால் குடைவரைகளுக்கு ஏற முடியுமா? (சென்னை வாசகி)

பதில்: பேருந்தில் கூட்டமாகச் செல்பவர்கள் பாதாமி, பட்டடக்கல், ஐஹொளே மூன்றையும் ஒரே நாளில் முடித்துவிடுகிறார்கள். முடித்துவிடுகிறார்கள் என்ற சொல்லை வேண்டுமென்றேதான் எழுதுகிறேன். பார்க்கிறார்கள் என்று எழுத மனம் வரவில்லை. மூன்று இரவு தங்குங்கள். முதல் நாளும் கடைசி மாலையும் பாதாமிக்கு, நடுநாள் பட்டடக்கல்லுக்கும் ஐஹொளேக்கும் என்று வைத்துக்கொண்டால் ஓட வேண்டியதில்லை.

நான்கு குடைவரைகளும் தெற்குக் குன்றின் சரிவில், ஒன்றுக்கு மேல் ஒன்றாகப் படிகளால் இணைக்கப்பட்டு அமைந்துள்ளன. முதல் குடைவரை தரையிலிருந்து அதிக உயரத்தில் இல்லை. மெதுவாக ஏறினால் தங்கள் தாயார் அதை நிச்சயம் பார்த்துவிடலாம். மூன்றாவதுவரை போக வேண்டுமானால் படிகள் சற்று உயரமானவை, சில தேய்ந்தவை, எல்லா இடத்திலும் கைப்பிடி கிடையாது. காலை வெயில் ஏறுமுன் தொடங்கி, ஒவ்வொரு குடைவரையின் முன்றிலிலும் அரைமணி உட்கார்ந்து போனால் முழங்கால் வலி இல்லாத முதியவர்களால் முடிகிறது. ஏற முடியாவிட்டாலும் வருந்த வேண்டாம். ஏரியின் கிழக்குக் கரைக் கோயில்களுக்குப் பெரும்பாலும் சமதளமாகவே நடக்கலாம்.

வடக்குக் குன்றில் உள்ள கோட்டைக்கான வழி வேறு வகை. பாறையைப் பிளந்தாற்போன்ற குறுகிய இடுக்குகளின் வழியே படிகள் உயரமாகச் செல்கின்றன. அங்கே தாயாரை அழைத்துச் செல்ல வேண்டாம்.

கேள்வி: வழிகாட்டியை அமர்த்தினால் பத்து நிமிடத்தில் ஒரு குகையை முடித்து அடுத்ததற்கு இழுத்துச் செல்கிறார். நான்கு குடைவரைகளிலும் நின்று பார்க்க வேண்டியவை எவை? (கோவை வாசகர்)

பதில்: வழிகாட்டிகளைக் குறை சொல்வதற்கில்லை, பார்வையாளர்கள் கேட்பதே அந்தப் பத்து நிமிடந்தான். தாங்கள் தனியே போய்ப் பார்த்துவிட்டு, மறுநாள் வழிகாட்டியோடு ஒருமுறை போவது நல்லது.

முதல் குடைவரை சிவனுக்குரியது. நுழையுமுன், வலப்பக்கத்துப் பாறை முகத்தில் பதினெட்டுக் கைகளோடு ஆடும் சிவனைக் காண்பீர்கள். தில்லைக் கூத்தனையே பார்த்துப் பழகிய நம் கண்ணுக்கு இவர் முதலில் அந்நியமாகத்தான் தெரிவார்: தூக்கிய திருவடி இல்லை, சுற்றி நெருப்பு வளையம் இல்லை, காலடியில் முயலகன் இல்லை. மாறாக, இருபுறமும் விசிறிபோல விரியும் கைகள் ஒரே அசைவின் அடுத்தடுத்த கணங்களைக் கல்லில் நிறுத்திவைத்ததுபோல இருக்கும். கைகளை இணைத்து இணைத்து 81 முத்திரைகள் கிடைக்கும் என்று வழிகாட்டிகள் கணக்குச் சொல்வார்கள். அந்தக் கணக்கில் இறங்காமல், அருகே நிற்கும் சிறிய கணபதியையும் மத்தளம் கொட்டுபவரையும் பாருங்கள். சோழர் காலத்து வெண்கல நடராசருக்குச் சில நூற்றாண்டுகள் முந்தைய ஆட்டம் இது. உள்ளே அரிகரனும் அர்த்தநாரியும் எதிரெதிரே நிற்கிறார்கள்.

இரண்டாவது குடைவரை திருமாலுக்குரியது. மூன்றாவதைப் பார்த்த பிறகு பலர் இதை மறந்துவிடுகிறார்கள். உலகளந்த பெருமானின் காலடியில் குடைபிடித்து நிற்கும் குள்ள வாமனனை இங்கே தேடிப் பாருங்கள். ஒரே சட்டத்துக்குள் கதையின் தொடக்கமும் உச்சமும் அடுத்தடுத்து இருக்கின்றன. மேலே விதானத்தில் பதினாறு மீன்களை ஆரங்களாகக் கொண்ட ஒரு சக்கரமும் உண்டு. கழுத்து வலிக்கும், பரவாயில்லை.

மூன்றாவது குடைவரைக்குத்தான் தங்கள் நேரத்தில் பாதியைக் கொடுக்க வேண்டும். நான்கிலும் பெரியது இது. கட்டிய காலமும் கட்டியவன் பெயரும் ஐயத்துக்கு இடமின்றித் தெரிந்த குடைவரை என்பதால் கலை வரலாற்றாசிரியர்கள் இதை ஓர் அளவுகோலாகவே வைத்திருக்கிறார்கள். சக ஆண்டு 500, கார்த்திகைப் பௌர்ணமி, அதாவது கி.பி. 578இல் மங்களேசன் இதை அமைத்ததாக அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு கூறுகிறது. அப்போது அரசன் அவனுடைய அண்ணன் கீர்த்திவர்மன். இந்த அறச்செயலின் பலன் முழுவதும் அண்ணனைச் சேரட்டும், அண்ணனுக்குப் பணி செய்த பலன் மட்டும் எனக்குப் போதும் என்று தம்பி எழுதிவைத்திருக்கிறான். நெகிழ்ந்துபோகாதீர்கள். அண்ணன் இறந்து தானே அரசனான பிறகு, அண்ணன் மகனான இரண்டாம் புலிகேசியை ஒதுக்கித் தன் மகனுக்கு அரசைக் கொடுக்க முயன்று, அந்தப் போராட்டத்தில் உயிரையும் இழந்தவன் இதே மங்களேசன்தான் என்பதை ஐஹொளேக் கல்வெட்டு தெரிவிக்கிறது. இரண்டு கல்வெட்டுகளையும் சேர்த்து நினைத்துக்கொண்டு இந்த முன்மண்டபத்தில் நின்றால் தூண்கள் வேறு மாதிரித் தெரியும்.

சிற்பங்களுள், முன்மண்டபத்தின் ஒரு கோடியில் ஆதிசேடன் சுருள்மேல் அரசனைப்போல் அமர்ந்திருக்கும் திருமாலை முதலில் பாருங்கள். பள்ளிகொண்ட பெருமாளைப் பார்த்துப் பழகிய நமக்கு, அரவணை இங்கே அரியணையாகியிருப்பது ஒரு வியப்பு. மறுகோடியில் நரசிம்மர், ஆனால் இரணியனைக் கிழிக்கும் கோலம் இல்லை, நின்றபடி அமைதியாக, ஏறக்குறைய ஓய்வாக இருக்கிறார். வராகர், திரிவிக்கிரமர், அரிகரன் ஆகியோரும் ஆளுயரத்துக்கு மேல் நிற்கிறார்கள். தூண்களின் உச்சியில் தாங்கிகளாக அமைந்த ஆண் பெண் இணைகளைப் பார்க்க மறக்க வேண்டாம்: மரத்தடியில் சாய்ந்தும், தோளில் கைபோட்டும், ஊடியும் நிற்கும் இவர்களின் முகங்களில் பெரிய தெய்வங்களிடம் இல்லாத ஒரு நெருக்கம் இருக்கிறது. முன்புறக் கொடுங்கையின், அதாவது வளைந்த கூரை விளிம்பின், உள்வளைவில் ஓவியங்களின் மிச்சம் உண்டு. ஒருகாலத்தில் இக்குடைவரை முழுவதும் வண்ணம் பூசப்பட்டிருக்க வேண்டும். இன்று மங்கலாகச் சில உருவங்களும் நிறத் திட்டுகளுமே எஞ்சியுள்ளன. நம் நாட்டுக் கோயில்களில் எஞ்சியிருக்கும் மிகப் பழைய ஓவியங்களுள் அவை சேரும் என்பதால், கண் இருட்டுக்குப் பழகும்வரை பொறுத்திருந்து பார்ப்பது நலம்.

நான்காவது குடைவரை சமணருடையது, அளவில் சிறியது. பார்சுவநாதரும், கால்களில் கொடி படர நிற்கும் பாகுபலியும் இங்கே உள்ளனர். சிரவணபெளகொளாவில் பாகுபலியின் பேருருவம் எழுவதற்குச் சில நூற்றாண்டுகளுக்கு முன்பே அவர் இங்கே நின்றுகொண்டிருந்தார். இக்குடைவரையின் திண்ணையில் உட்கார்ந்து கீழே ஏரியைப் பார்ப்பது பாதாமியிலேயே எனக்குப் பிடித்த வேலை. சிற்பம் ஒன்றையும் பார்க்காமல் இங்கே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்ததை ஒப்புக்கொள்கிறேன்.

கேள்வி: மாமல்லபுரத்தைப் பலமுறை பார்த்தவர்களுக்குப் பாதாமியில் புதிதாக என்ன இருக்கிறது? (செங்கல்பட்டு வாசகர்)

பதில்: முதலில், கல். நம் பக்கத்துக் கருங்கல் உளியை எதிர்த்துப் போராடும். பாதாமியின் செம்மணற்கல் உளிக்கு இணங்கும். முதலாம் மகேந்திரவர்மனின் மண்டகப்பட்டுக் குடைவரையில், செங்கல்லும் மரமும் உலோகமும் சுதையும் இன்றி இக்கோயிலை எடுப்பித்தேன் என்ற கல்வெட்டு இருப்பது தங்களுக்கு நினைவிருக்கும். அங்கே தூண்கள் சதுரமும் எட்டுப் பட்டையுமாகச் சிக்கனமாக நிற்கின்றன. அதற்கு ஒரு தலைமுறை முந்திய பாதாமியின் மூன்றாம் குடைவரையிலோ தூண்களில் மணிமாலைகளும் பதக்கங்களும் மனித உருவங்களும் நிறைந்து வழிகின்றன. பல்லவச் சிற்பி ஒரு கோடு இழைக்கும் நேரத்தில் சாளுக்கியச் சிற்பி ஒரு முகத்தையே வடித்திருப்பான் போலும். அந்த இணக்கத்துக்கு விலையும் உண்டு: மணற்கல் நீரை உறிஞ்சி அடுக்கடுக்காக உரியக்கூடியது. சில உருவங்களின் முகம் அப்படியே பெயர்ந்துபோயிருப்பதைக் காணும்போது, நம் கருங்கல்லின் பிடிவாதத்தின்மேல் மதிப்பு வந்துவிடுகிறது.

கேள்வி: நரசிம்மவர்மப் பல்லவன் வாதாபியை எரித்தான் என்று சரித்திர நாவலில் படித்து வளர்ந்தவன் நான். அதற்கு அங்கே சான்று ஏதும் உண்டா? நேரில் பார்க்க முடியுமா? (காஞ்சிபுரம் வாசகர்)

பதில்: வென்றதற்குக் கல்லிலேயே சான்று உண்டு, எரித்ததைப் பற்றி நாவலாசிரியர்கள் அளவுக்குக் கல்வெட்டுகள் பேசுவதில்லை. மகேந்திரவர்மன் காலத்தில் இரண்டாம் புலிகேசியின் படை காஞ்சியின் அருகுவரை வந்தது. மகன் நரசிம்மவர்மன், பரியளம், மணிமங்கலம், சூரமாரம் ஆகிய களங்களில் புலிகேசியை முறியடித்ததாகவும், புறங்காட்டிய அவன் முதுகையே பட்டயமாகக் கொண்டு அதில் ‘விஜயம்’ என்னும் எழுத்துகளைப் பொறித்ததாகவும் பல்லவரின் கூரம் செப்பேடு கூறுகிறது. புலவர் பேச்சுதான், ஆயினும் புண்பட்ட ஓர் அரசகுலம் எப்படி மகிழ்ந்தது என்பதைக் காட்டுகிறது. கி.பி. 642ஐ ஒட்டி வாதாபி வீழ்ந்தது. பாதாமிப் பாறை ஒன்றில் நரசிம்மவர்மனின் பதின்மூன்றாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு இருக்கிறது. மகாமல்லன் என்ற அவனது பட்டப்பெயரும் அதில் உள்ளது. தோற்ற ஊரின் பாறையில் வென்றவன் ஆண்டுக்கணக்கு!

ஆனால் அங்கே போய் எழுத்தைப் படித்துவிடலாம் என்று எண்ணிப் போகாதீர்கள். அது மிகவும் தேய்ந்தும் சிதைந்தும் போயிருக்கிறது. கல்வெட்டுப் பயிற்சி இல்லாத கண்ணுக்குப் பாறையின் வரிகளும் எழுத்தின் வரிகளும் ஒன்றாகவே தெரியும். அருங்காட்சியகத்தில் உள்ளவர்களிடம் வழி கேட்டுப் போவது நலம்.

ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் புலிகேசியின் மகன் முதலாம் விக்கிரமாதித்தன் தலைநகரை மீட்டான். அடுத்த நூற்றாண்டில் இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சிக்குள்ளேயே நுழைந்தான். தாங்கள் காஞ்சிபுரத்துக்காரர் என்பதால் ஒன்று சொல்ல வேண்டும்: தங்கள் ஊர்க் கைலாசநாதர் கோயில் மண்டபத் தூண் ஒன்றில் அவனுடைய கன்னடக் கல்வெட்டு இருக்கிறது. அக்கோயிலின் செல்வத்தைக் கண்டு, அதைக் கவராமல் இறைவனுக்கே திருப்பி அளித்ததாக அது கூறுகிறது. பாதாமிக்குப் போகுமுன் அதை ஒருமுறை பார்த்துவிட்டுப் போங்கள்.

கேள்வி: வாதாபி கணபதி பாதாமியிலிருந்து வந்தவர்தானா? எந்தக் கோயிலிலிருந்து எடுத்து வந்தார்கள் என்று காட்டுவார்களா? (திருவாரூர் வாசகி)

பதில்: பல்லவர் படைத்தலைவர் பரஞ்சோதி, பிற்காலத்தில் சிறுத்தொண்ட நாயனார் ஆனவர், வாதாபியிலிருந்து கணபதியைக் கொண்டுவந்து தம் ஊரான திருச்செங்காட்டங்குடியில் எழுந்தருளச் செய்தார் என்பது நம்மிடையே வழங்கும் மரபு. தங்கள் ஊர்த் தியாகராசர் கோயிலிலும் வாதாபி கணபதி உண்டு. முத்துசுவாமி தீட்சிதரின் அம்சத்வனிக் கீர்த்தனையால் அவர் பெயர் உலகெங்கும் பரவியது. இந்த மரபுக்குப் பல்லவர் காலக் கல்வெட்டுச் சான்று இல்லை. சேக்கிழாரே, பரஞ்சோதியார் வாதாவித் தொன்னகரைத் துகளாக்கி மணிகளும் நிதிக்குவையும் யானைகளும் குதிரைகளும் கவர்ந்து வந்து மன்னன்முன் வைத்தார் என்று பட்டியலிடும்போது அதில் கணபதியைச் சேர்க்கவில்லை. வேழமுகத்தானை விட்டுவிட்டு வேழங்களை மட்டும் எண்ணிச் சொல்லும் அளவுக்குச் சேக்கிழார் மறதிக்காரர் அல்லர். எனவே மரபு பிற்காலத்தது என்று ஆய்வாளர் பலர் கருதுவதில் நியாயம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது.

அதனால் பாடலின் சுவை குறைந்துவிடாது. தாங்கள் பாதாமிக்குப் போனால், முதல் குடைவரையின் ஆடும் சிவனருகே நிற்கும் கணபதியைக் கண்டு வாருங்கள். 6ஆம் நூற்றாண்டிலேயே வாதாபியில் கணபதி இருந்தார் என்பதற்கு அவர் ஒருவர் போதும்.

கேள்வி: ஏரியைச் சுற்றி நடக்க முடியுமா? புகைப்படம் எடுக்க எந்த நேரம் நல்லது? (புதுச்சேரி வாசகர்)

பதில்: முடியும், அதைத்தான் முதலில் செய்ய வேண்டும். குடைவரைகள் வடக்கு நோக்கியவை, ஆதலால் நேர் வெயில் உள்ளே விழுவது அரிது. முற்பகலின் சிதறிய ஒளியே அங்கே போதுமானது. கிழக்குக் கரையில் தண்ணீரை ஒட்டி நிற்கும் பூதநாதர் கோயிலோ மேற்கே பார்த்தது. மாலை 4 மணிக்கு மேல், பின்னாலுள்ள செம்பாறை முழுவதும் சூடேறிய இரும்பின் நிறத்துக்கு மாறும்போது, அதன் நிழல் ஏரியில் விழுவதை எதிர்க்கரையிலிருந்து எடுங்கள். அக்கோயிலின் கருவறைப் பகுதி முற்காலச் சாளுக்கியருடையது. நீர்ப்பக்கத்து வெளிமண்டபம் பிற்காலத்தவரான கல்யாணிச் சாளுக்கியர் காலத்தில் சேர்த்தது. சேர்த்த இடத்தின் ஒட்டுத் தெரியாமல் அது பொருந்தி நிற்கிறது. கோயிலுக்குப் பின்னே பாறைச் சிற்பங்களும், பள்ளிகொண்ட பெருமாளின் சிறு சன்னதி ஒன்றும் உள்ளன. வடகிழக்கு மூலையில் மல்லிகார்ச்சுனர் கோயில் தொகுதி. படிப்படியாக ஒடுங்கும் அதன் கூரைகளைக் கண்டதும் காலம் பிந்தியது என்பது விளங்கும்.

இதே பக்கத்துப் பாறையில், தமிழர் எவரும் தவறவிடக் கூடாத ஒன்று உண்டு: கப்பெ அரபட்டன் கல்வெட்டு. பழங்கன்னடத்தில் திரிபதி என்னும் மூவடிப் பாவுக்கு மிகப் பழைய சான்றுகளுள் ஒன்றாக இதைப் போற்றுகிறார்கள். நல்லவனுக்கு நல்லவன், இனியவனுக்கு இனியவன், வருத்தும் கலிக்குக் கலியையே புரட்டிப்போடுபவன் என்று ஒரு வீரனைப் பாடி, இவன் மாதவனே, ‘பெறன் அல்ல’ என்று முடிகிறது. பிறன் அல்லன் என்று நாம் சொல்வதைத்தான் அந்தப் பாறை சொல்கிறது; கன்னடம் தெரியாத எனக்கும் அந்த இரண்டு சொற்கள் தாமாகவே விளங்கின.

அருகிலேயே தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் இருக்கிறது, வெள்ளிக்கிழமை விடுமுறை. தலைக்குப் பதில் தாமரை மலர்ந்திருக்கும் இலச்சா கௌரியின் சிற்பத்துக்காகவாவது உள்ளே போக வேண்டும். ஏரியின் படித்துறைகளில் துணி துவைக்கும் பெண்களைக் கேட்காமல் படம் எடுப்பது மட்டும் வேண்டாம். அவர்கள் காட்சிப் பொருள் அல்லர். நம்மைப்போல் வேலையாய் வந்தவர்கள்.

கேள்வி: பாதாமியைப் பார்த்தால் போதாதா? பட்டடக்கல்லும் ஐஹொளேயும் அவசியமா? (ஈரோடு வாசகர்)

பதில்: அவசியந்தான். பாதாமியில் பாறையைக் குடைந்தவர்கள், மலப்பிரபை ஆற்றங்கரையில் கல்லை அடுக்கிக் கோயில் எழுப்பக் கற்றுக்கொண்ட கதை மற்ற இரண்டு ஊர்களில் இருக்கிறது. பாதாமியிலிருந்து பட்டடக்கல் சுமார் 22 கி.மீ.; அங்கிருந்து ஐஹொளே மேலும் 13 கி.மீ. அளவு.

பட்டடக்கல் 1987 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். வடநாட்டு முறையில் வளைந்தெழும் சிகரமும் நம் முறையில் தளந்தளமாக ஏறும் விமானமும் ஒரே வளாகத்தில் அடுத்தடுத்து நிற்பதை இங்கே பார்க்கலாம். விருபாட்சர் கோயிலில் நின்றதும் காஞ்சிக் கைலாசநாதர் நினைவு வந்தால் அது தங்கள் பிரமை அன்று. மேலே சொன்ன இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியை மும்முறை வென்றதன் நினைவாக அரசி லோகமாதேவி எடுப்பித்த கோயில் அது. கொள்ளையடிக்காமல் திரும்பிய கணவன் ஒரு கோயிலின் வடிவத்தைக் கண்ணிலேயே எடுத்து வந்துவிட்டான் என்று சொல்லத் தோன்றுகிறது. குண்டன் அநிவாரிதாசாரி என்ற தச்சனின் பெயரும் அங்கே பொறிக்கப்பட்டிருக்கிறது. கட்டிய தச்சனின் பெயர் கிடைப்பது நம் கோயில்களில் அரிது. அங்கே இன்றும் வழிபாடு நடக்கிறது.

ஐஹொளேயில் துர்க்கை கோயில் என்று அழைக்கப்படும் கோயில் துர்க்கைக்கு எழுப்பியதன்று. பிற்காலத்தில் கோட்டைக்குள், அதாவது துர்க்கத்துக்குள், அடங்கியதால் வந்த பெயர். யானையின் பின்புறம்போல் வளைந்த அதன் முதுகை நாம் தூங்கானை மாடம் என்போம். மேகுடிக் குன்றின் சமணக் கோயிலில் கி.பி. 634இல் இரவிகீர்த்தி பாடிய இரண்டாம் புலிகேசியின் மெய்ப்புகழைக் கல்லில் பார்க்கலாம்; முன்பு சொன்ன ஐஹொளேக் கல்வெட்டு இதுதான். வாதாபி வீழ எட்டே ஆண்டுகள் இருந்த நேரம் அது.

கேள்வி: எப்படிப் போவது, எப்போது போவது, சாப்பாட்டுக்கு என்ன செய்வது? (மதுரை வாசகி)

பதில்: ஹூப்ளி வரை ரயிலிலோ விமானத்திலோ சென்று, அங்கிருந்து சுமார் 105 கி.மீ. சாலை வழியாகப் போகலாம். பாதாமிக்கே ரயில் நிலையமும் உண்டு, ஆனால் அது ஊரிலிருந்து சில கி.மீ. தள்ளியிருக்கிறது. ஹம்பிக்கும் போக எண்ணினால் இரண்டையும் ஒரே பயணத்தில் சேர்த்துக்கொள்வது சிக்கனம். அக்டோபர் முதல் பிப்ரவரி வரை இதமான காலம். மழைக்காலத்தில் போனால் வெயிலுக்குப் பதில் வழுக்கலைச் சமாளிக்க வேண்டும்; ஆனால் ஏரிக்குப் பின்னாலுள்ள பாறையிலிருந்து இரட்டையாக விழும் ‘அக்க தங்கி’ அருவி அப்போதுதான் கிடைக்கும். ஏப்ரல், மே மாதங்களைத் தவிருங்கள். சூடேறிய பாறை மாலையிலும் ஆறாது.

உணவைப் பற்றிக் கவலை வேண்டாம். சோள ரொட்டி, எண்ணெய்க் கத்தரிக்காய்க் கறி, வேர்க்கடலைப் பொடி ஆகியவை அந்தப் பக்கத்தின் அன்றாட உணவு. சுமார் 5 கி.மீ. தொலைவிலுள்ள பனசங்கரி அம்மன் கோயிலுக்குப் போனால், வாசலில் பெண்கள் கூடையில் ரொட்டியும் சிறு மண்சட்டியில் கெட்டித் தயிரும் கொண்டுவந்து பரிமாறுவார்கள். தை மாதத்தை ஒட்டி அங்கே நடக்கும் பெருந்திருவிழாவின்போது மட்டும் தங்குமிடத்தை முன்னதாகவே உறுதி செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: பத்து வயது மகனை அழைத்துச் செல்கிறோம். கல்லையே பார்த்துக்கொண்டிருந்தால் அவனுக்குச் சலித்துவிடாதா? (சேலம் வாசகி)

பதில்: குரங்குகள் சலிக்க விடாது. கையில் தின்பண்டப் பொட்டலம் இருந்தால் அவை தாமே வந்து வாங்கிக்கொள்ளும்; பையை மூடியே வைத்திருங்கள், மகனையும் கையைப் பிடித்தே அழைத்துச் செல்லுங்கள். முதல் குடைவரையின் இடப்பக்கம் சூலம் ஏந்தி நிற்கும் வாயிற்காவலரின் காலடியில் ஒரு விலங்கு இருக்கிறது. அதன் பெயரைச் சொல்லாமல் மகனை அங்கே நிறுத்தி, ஒரு பக்கத்து உடலைக் கையால் மறைத்துக்கொண்டு பார்க்கச் சொல்லுங்கள்: யானை தெரியும். கையை மறுபக்கத்துக்கு மாற்றச் சொல்லுங்கள்: காளை தெரியும். தலை இரண்டுக்கும் ஒன்றுதான். அதற்குப் பிறகு மற்ற குடைவரைகளுக்கு உங்களை இழுத்துச் செல்பவன் அவனாகத்தான் இருப்பான்.